அம்மாவுக்கு இடுப்பு ஓரத்தில் வலி, ஷாக்வேவ் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

சின்னப்பாலம்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், அனுபவம் இருப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 53 வயது. இருபது வயதில் இருந்து கடலில் இறங்கிப் பாசி எடுத்தவர். இப்போது ஆறேழு வருடமாகப் பாசி வளர்ப்பு, அதாவது மூங்கில் தெப்பத்தில் கட்டுகிற கயிற்றில் விதைப்பாசியை முடிந்து கொடுக்கிற வேலை. மணலில் சாக்கை விரித்து, இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடக்கிப் போட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார் என்றால் நாலு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடம். அதுவும் இடது இடுப்பில்தான்.

போன ஐப்பசியில் இருந்து இடது பக்கம், தொடை ஆரம்பிக்கிற இடத்தில் வெளியே முட்டிக்கொண்டு ஒரு எலும்பு இருக்கிறதே, சரியாக அந்த இடத்தில் வலி. இடது பக்கம் படுக்க முடியவில்லை, வலது பக்கம் படுத்தாலும் கொஞ்ச நேரத்தில் குடைகிறது என்கிறார். தரையில் இருந்து எழுந்தால் முதல் நாலைந்து அடி நொண்டித்தான் வைக்கிறார், அப்புறம் சரியாகிவிடுகிறது. பஸ் படி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறார், கண்டக்டர் சத்தம் போடுகிறார்.

இராமநாதபுரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். அந்த எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார், அம்மா கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இது பர்சைடிஸ் (எலும்புக்கு மேலே இருக்கிற நீர்ப்பை வீங்குவதாம்) என்று சொல்லி தை மாதம் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சர்க்கரை மட்டும் ஒரு வாரம் ஏறிக் கிடந்தது (அம்மா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்), வலி போன இடம் தெரியவில்லை. இரண்டு மாதம்தான். பங்குனி பிறந்ததும் பழையபடி.

இப்போது இன்னொரு ஊசி போடலாம், இல்லையென்றால் ஷாக்வேவ் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வாரம் ஒன்று வீதம் 4 சிட்டிங், ஒன்றுக்கு 1500 ரூபாய். பஸ் செலவு, ஒரு நாள் வேலை கெடுவது தனி. அம்மாவுக்கு அந்த 'ஷாக்' என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. அப்பத்தா வேறு, கரண்ட் வைத்தால் நரம்பு செத்துப்போகும் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறது. யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? 6000 ரூபாய்க்குப் பலன் உண்டா?

தேவிபட்டினத்தான்

தம்பி, இதெல்லாம் காசு பிடுங்குகிற வேலை. நல்ல நீவுகிற ஆளாகப் பார்த்து எண்ணெய் போட்டு அந்த இடத்தை நாலு நாள் நன்றாக அழுத்தி நீவச் சொல்லுங்கள். எங்கள் அத்தைக்கு அப்படித்தான் போனது.

மண்டபம்_பிசியோ

மேலே சொன்ன அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அந்த எலும்பு முனையின் மேலேயே அழுத்தி நீவுவதை மட்டும் செய்யாதீர்கள். அங்கே ஏற்கெனவே நசுங்குவதுதான் பிரச்சினை, மேற்கொண்டு நசுக்கினால் இன்னும் வீங்கும். சுற்றியுள்ள சதையில் லேசாக எண்ணெய் தடவுவதில் தப்பில்லை.

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இதில் கரண்டே உடம்புக்குள் போகாது. ஷாக்வேவ் என்றால் அதிர்வலை. பிசியோவில் பேட் ஒட்டிச் சுருசுருவென்று வைப்போமே, அது வேறு, இது வேறு. இந்த முறை முதலில் வந்தது சிறுநீரகக் கல் உடைக்க. 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில்தான் முதல் நோயாளிக்கு வெளியே இருந்தே அலையை அனுப்பிக் கல்லை உடைத்தார்கள். நம் ஊரில் கல்லுக்கு 'லேசர் வைத்து உடைத்தார்கள்' என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்தது இதுதான். பிறகு அதையே குறைந்த அளவில் குதிகால் வலி, தோள்பட்டை, இடுப்பு ஓரம் என்று தசைநார் வலிகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் பக்கத்து கிளினிக்குகளில் இருப்பது பெரும்பாலும் 'ரேடியல்' மெஷின். கைப்பிடிக்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கும். அழுத்தக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் முனையில் அடிக்கும், அந்த அடி ஜெல் வழியாக உள்ளே இறங்கும். தோலுக்குப் பக்கத்தில்தான் வேகம் அதிகம், உள்ளே போகப் போகக் குறைந்துவிடும். 'ஃபோகஸ்டு' என்று இன்னொன்று உண்டு, அது ஆழத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும், விலையும் கூடுதல். எந்த மெஷின் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பர்சைடிஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், இந்த இடத்து வலியில் நிறையப் பேருக்குப் பிரச்சினை பர்சா என்கிற அந்த நீர்ப்பையில் இல்லை. அதற்கு அடியில் எலும்பில் வந்து ஒட்டுகிற புட்டத்துத் தசைநார், குளுட்டியஸ் மீடியஸ், மினிமஸ் என்று இரண்டு, அது நைந்து போயிருக்கும். 2013இல் 877 பேருக்கு அல்ட்ராசவுண்டு பார்த்து வெளியிட்ட ஒரு ஆய்வில், ஐந்தில் ஒருவருக்குத்தான் பர்சா வீங்கியிருந்தது. அதனால்தான் இப்போது பொதுவாக 'கிரேட்டர் ட்ரொகான்டரிக் பெயின் சிண்ட்ரோம்' என்று பெரிய பெயராக வைத்துவிட்டார்கள். நாற்பது தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும்.

ஊசி ஏன் இரண்டு மாதம் கேட்டது, பிறகு ஏன் திரும்பியது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஸ்டீராய்டு எரிச்சலை அடக்கும், நைந்த நாரைத் தேற்றாது. 2009இல் வந்த ஆய்வு ஒன்றில் 229 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பகுதிக்கு ஊசி, ஒரு பகுதிக்கு ரேடியல் ஷாக்வேவ் (வாரம் ஒன்றாக 3 தடவை, தடவைக்கு 2000 அடி), ஒரு பகுதிக்கு வீட்டில் உடற்பயிற்சி. ஒரு மாதத்தில் பார்த்தால் ஊசி போட்டவர்களில் 75 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள், ஷாக்வேவில் 13, பயிற்சியில் வெறும் 7. நாலு மாதத்தில் தலைகீழ்: ஷாக்வேவ் 68, ஊசி 51, பயிற்சி 41. பதினைந்து மாதம் கழித்துக் கேட்டபோது பயிற்சி 80, ஷாக்வேவ் 74, ஊசி 48. ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை என்ற குறை அந்த ஆய்வுக்கு உண்டு, அதனால் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் போக்கு நான் இங்கே பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

ஆகவே வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஷாக்வேவ் மட்டும் வைத்துவிட்டு அம்மா திரும்பவும் அதே சாக்கில் அதே மாதிரி சாய்ந்து உட்கார்ந்தால் 6000 ரூபாயும் கடலில்தான். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, அந்த இடத்தில் புண், கட்டி ஏதாவது உண்டா என்று வைப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டு ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது.

கீழக்கரை_லாத்தா

தம்பி, நான் போன வருடம் வைத்துக்கொண்டேன். எனக்கும் இடது பக்கம்தான். தொழுகையில் கடைசி அத்தஹிய்யாத்தில் இடது பக்கத்தைத் தரையில் வைத்து உட்காரும்போது உயிர் போகும், சலாம் கொடுத்துவிட்டு எழுந்திருக்க மகள் கை கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நாற்காலியில்தான் தொழுதேன்.

எப்படி இருக்கும் என்று அம்மா கேட்பார், அதைச் சொல்கிறேன். வலது பக்கமாகப் படுக்க வைத்து, முழங்காலுக்கு நடுவில் தலையணை கொடுத்தார்கள். பிசியோ பெண் பிள்ளைதான், திரை போட்டு அந்த இடத்தை மட்டும் விலக்கினாள், கூச்சப்படும்படி ஒன்றும் இல்லை. விரலால் தொட்டுத் தொட்டு எங்கே அதிகம் வலிக்கிறது என்று கேட்டுப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். ஜில்லென்று ஜெல். அப்புறம் அந்தக் கைப்பிடியை வைத்ததும் டட்டட்டட்டட்டென்று, தச்சர் வீட்டில் சின்னச் சுத்தியலால் விடாமல் தட்டுகிற மாதிரி. முதல் ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டேன். எலும்பு மேல் நேராகப் பட்டால் சுளீர் என்று இருக்கும், கொஞ்சம் தள்ளி வைத்தால் தாங்கலாம். தாங்க முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவள் வேகத்தைக் குறைத்து வைத்து மெல்ல ஏற்றினாள். மொத்தமே ஐந்தாறு நிமிடம். எழுந்தபோது அந்த இடம் மரத்துப்போய் வலியே இல்லை, அடடா ஒரே நாளில் போய்விட்டதே என்று ஆட்டோவில் சந்தோஷமாக வந்தேன்.

ராத்திரி வந்தது பாருங்கள் வலி. இரண்டு நாள் முன்பைவிட அதிகம், தோல் சிவந்து ஓரிடத்தில் கன்றிப்போயிருந்தது. மறுநாள் அவளுக்கு போன் போட்டுத் திட்டிவிட்டேன். அது அப்படித்தான் லாத்தா, வலி மாத்திரை போட்டு அடக்கிவிடாதீர்கள், ஒத்தடத்துக்குக்கூட அவசரப்படாதீர்கள் என்றாள். மூன்றாவது சிட்டிங் முடிந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் சுபுஹுக்கு எழுந்தபோது இடது பக்கமாகவே படுத்துத் தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

ஆனால் அவள் கொடுத்த பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எது வேலை செய்தது என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது.

விசைப்படகு_டிரைவர்

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் காசு போட்டு ஏமாந்த கதையையும் கேளுங்கள். எனக்கும் இடுப்பு ஓரம் வலி என்றுதான் ஆரம்பம். ஒரு கிளினிக்கில் தொட்டுக்கூடப் பார்க்காமல் பர்சைடிஸ் என்று 5 சிட்டிங் ஷாக்வேவ். ஒரு மண்ணும் இல்லை. வலி அப்புறம் முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால் வரை இறங்கி, பாதத்தின் ஓரம் மரத்துப்போக ஆரம்பித்ததும் மதுரைக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்தேன். முதுகில் டிஸ்க் நரம்பை அழுத்துகிறதாம். இடுப்பில் ஒன்றுமே இல்லை! பொருள் ஒரு இடத்தில் தொலைத்துவிட்டு வேறு இடத்தில் தேடிய கதைதான்.

என் மச்சான் ஒருவன், அவனுக்கு வலி ஓரத்தில் இல்லை, தொடை இடுக்கில், முன்பக்கம். குனிந்து செருப்பு மாட்ட முடியாது, சம்மணம் போட்டால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். அவனுக்கு மூட்டே தேய்ந்துவிட்டது. அவனுக்கும் எவனோ ஷாக்வேவ் வைக்கப் பார்த்தான். அதனால் தம்பி, வலி எங்கே என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை உறுதிபண்ணிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நைஸ் என்ற அரசு அமைப்பு 2011லேயே இந்த வலிக்கு ஷாக்வேவ் பற்றிய சான்று அளவிலும் தரத்திலும் குறைவுதான் என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் படுத்துக் கிடந்தபோது இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன், வேறு என்ன வேலை.

மண்டபம்_பிசியோ

டிரைவர் அண்ணன் சொல்வது நியாயம். தொட்டுப் பார்க்காமல் மெஷினை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர். தம்பி, வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். அம்மாவைச் சுவர் பக்கமாக நிற்கச் சொல்லி, ஒரு விரலை மட்டும் சுவரில் வைத்துக்கொண்டு, வலிக்கிற காலில் ஒற்றைக்காலாக முப்பது விநாடி நிற்கச் சொல்லுங்கள். அதற்குள் அந்த எலும்பு முனையிலேயே வலி கிளம்பினால், கூடவே அமுக்கினாலும் அங்கேயே வலித்தால், தசைநார் என்பதற்கு வாய்ப்பு அதிகம். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற வலி, மரத்துப்போவது, தொடை இடுக்கு வலி, காய்ச்சல், எடை குறைவது இதில் ஏதாவது இருந்தால் ஷாக்வேவ் பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரிடம் திரும்பப் போங்கள்.

சின்னப்பாலம்_தம்பி

எல்லோருக்கும் நன்றி. நிற்கச் சொல்லிப் பார்த்தேன் அண்ணே, பன்னிரண்டு எண்ணுவதற்குள் அம்மா காலை இறக்கிவிட்டார், சரியாக அந்த இடம்தான். கீழே இறங்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை.

லாத்தா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். 'பொம்பளப் பிள்ளையா வைக்கும்?' என்று அதைத்தான் முதலில் கேட்டார்.

பயிற்சி என்ன செய்ய வேண்டும் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? வேலையை விடச் சொன்னால் நடக்காது. தண்ணீரும் எடுத்தாக வேண்டும், எங்கள் தெருவில் குழாய் வருகிற நேரம் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மண்டபம்_பிசியோ

வேலையை விடச் சொல்லவே மாட்டேன், சும்மா படுத்திருந்தால் அந்தத் தசை இன்னும் பலவீனமாகும். செய்கிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

குடத்தை முதலில் பிடிப்போம். குடத்தை இடுப்பில் வைக்கிறவர் இடுப்பை ஒரு பக்கம் தள்ளிக் கொடுத்துத்தான் நடப்பார், தள்ளவில்லை என்றால் குடம் நிற்காது. அப்படித் தள்ளும்போது அந்தத் தசைநார் எலும்பு முனை மேல் இழுபட்டு நசுங்குகிறது, அதற்கு மேல் பதினைந்து லிட்டர் எடை. உங்கள் அம்மா இதை முப்பது வருடம் செய்திருக்கிறார். நம் மாவட்டத்தில்தான் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி இருக்கிறதே, நாலு குடம் வைக்கிற வண்டி, அதில் தள்ளிக்கொண்டு வரட்டும். இல்லையென்றால் இரண்டு கையிலும் பாதி பாதி வாளி. இடுப்பில் மட்டும் வேண்டாம். பேரப்பிள்ளை இருந்தால் அதுவும் இடுப்பில் வேண்டாம்.

பாசி கட்டும்போது சாக்குக்குப் பதில் ஒரு மணைக்கட்டையோ, கவிழ்த்துப் போட்ட மீன் கிரேடோ போட்டு அதில் உட்காரட்டும், இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது. காலை ஒரு பக்கமாக மடக்கிச் சாய்வதுதான் எதிரி. அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். நிற்கும்போது ஒரு காலில் எடையைப் போட்டு இடுப்பை ஒடித்து நிற்பார்கள், பஸ் ஸ்டாண்டில் பாருங்கள் பாதிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள், அதையும் விட வேண்டும். ராத்திரி வலிக்காத பக்கம் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. வெறும் பாய் வேண்டாம், அடியில் இரண்டு போர்வையை மடித்துப் போடுங்கள்.

பயிற்சிக்கு முதல் இரண்டு வாரம்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இரண்டு தொடையையும் சேர்த்து ஒரு துண்டைக் கட்டிவிட்டு, முழங்கால்களை வெளிப்பக்கம் மெல்லத் தள்ள வேண்டும். துண்டு விடாது, அதுதான் தேவை, அசையாமல் தசை மட்டும் இறுகும். மனசுக்குள் இருபது எண்ணி விட வேண்டும். ஐந்து தடவை, காலை மாலை. அப்புறம் அதே நிலையில் புட்டத்தை மேலே தூக்கி இறக்குவது. அது வலிக்காமல் வந்ததும் வாசல்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது, இடுப்பு ஒரு பக்கம் சரியாமல். லேசாக வலிக்கலாம், ஆனால் அன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் அளவைக் குறைத்துவிட வேண்டும். காலைத் தூக்கிக் குறுக்கே போட்டு இழுக்கிற 'ஸ்ட்ரெச்' யாராவது சொல்லிக்கொடுத்தால் செய்ய வேண்டாம், இந்த வலிக்கு அது ஆகாது.

இதை ஏதோ என் சொந்தச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 204 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், இப்படி உட்காரும் விதம், நிற்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தவர்களில் 8 வாரத்தில் 77 சதவீதம் பேர் தேறினார்கள். ஊசி போட்டவர்களில் 58, எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 29. அவர்களுக்கு 8 வாரத்தில் 14 தடவை நேரில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பேப்பரில் படம் போட்டுக் கொடுத்துவிட்டு அனுப்புவதோடு இதை ஒப்பிட முடியாது. முடிந்தால் இரண்டு தடவையாவது அம்மாவை நேரில் யாரிடமாவது காட்டிச் செய்ய வையுங்கள்.

தேவிபட்டினத்தான்

சரி, நீவ வேண்டாம் என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அத்தையிடம் கேட்டேன், அதற்கும் இன்னும் வலி இருக்கிறதாம், என்னிடம் சொல்லவில்லையாம்.

சின்னப்பாலம்_தம்பி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், பதில் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் இல்லையா.

முதல் இரண்டு வாரம் துண்டுப் பயிற்சியும் தலையணையும் மட்டும். ராத்திரி வலி அதிலேயே பாதி குறைந்தது, எனக்கே ஆச்சரியம். அப்புறம் ஷாக்வேவ் 3 சிட்டிங் முடிந்திருக்கிறது. முதல் தடவை நானும் உள்ளே நின்றேன். அம்மா சேலை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார், முடிந்ததும், 'இவ்வளவுதானா, நம்ம வள்ளத்து இன்ஜின் இதைவிட ஆட்டும்' என்று எழுந்துவிட்டார். லாத்தா சொன்ன மாதிரியே அன்று ராத்திரி வலி அதிகம், முன்பே தெரிந்திருந்ததால் பயப்படவில்லை. சர்க்கரை இந்தத் தடவை ஏறவில்லை.

பத்துக்கு எட்டு என்று சொன்ன வலி இப்போது ஐந்து என்கிறார். எழுந்தவுடன் நொண்டுவது இன்னும் இருக்கிறது. பஸ் படி பரவாயில்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிர்ஷ்டம். ஏப்ரல் 15இல் இருந்து தடைக்காலம், அப்பா போகிற விசைப்படகு 61 நாள் கரையில் கட்டிக் கிடக்கிறது, அவரும் வலை பின்னிக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறார். தள்ளுவண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டோம். முதல் நாள் தெருப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், இரண்டு நாள் ரோஷப்பட்டு இருட்டோடு போய் எடுத்துவந்தார், இப்போது குழாயடியில் வரிசைக்குச் சண்டையே போடுகிறார். ஜூன் 15 வந்தால் கடலுக்குப் போய்விடுவார், அதற்குள் அம்மா வண்டி தள்ளுகிற அளவுக்காவது வர வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி. நாலாவது சிட்டிங் வரும் செவ்வாய். வலி குறைந்துதானே வருகிறது, அந்த 1500ஐ மிச்சப்படுத்தலாமா என்று அம்மா கேட்கிறார்.

மண்டபம்_பிசியோ

நான் முதலில் சொன்ன ஷாக்வேவ் ஆய்விலேயே மூன்று தடவைதான் வைத்தார்கள் தம்பி. குறைந்துகொண்டே வந்தால் நிறுத்திவிட்டு ஆறு வாரம் பாருங்கள், பலன் இனிமேல்தான் முழுதாகத் தெரியும். அந்தக் காசுக்கு நல்ல மணைக்கட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். இதுவரை எதில் உட்கார்ந்து பாசி கட்டுகிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே?

சின்னப்பாலம்_தம்பி

சாக்கில்தான் அண்ணே. கிரேடு கொண்டுபோய்ப் போட்டேன், அதில் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருக்கிறார்.